நிலுவையில் ஒரு பாலம்

சட்டமன்றத்தில் அமைச்சர் ஒருவர் எழுந்து, செய்து தருகிறோம் என்று சொன்னால் அந்தச் சொல் காற்றோடு போய்விடுவதில்லை. அதை உறுதிமொழி என்று குறித்துக்கொள்ளும் குழு ஒன்று இருக்கிறது. செய்தீர்களா என்று அது துறையைக் கேட்கும். செய்தோம் என்று துறை எழுதிவிட்டால், 'படித்துப் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி போட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அதன்பின் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் வேலை சகிலாவிடம் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மலையடிவாரத்தில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் அவள் உதவியாளர். வாணியம்பாடியிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போவாள். குழு அடுத்த வியாழக்கிழமை மாவட்டத்துக்கு வருகிறது, செவ்வாய் மாலைக்குள் பதில்கள் போயாக வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. மொத்தம் பதினொரு உறுதிமொழிகள். பத்துக்குப் பதில் எழுதிவிட்டாள். பதினொன்றாவதில் நின்றாள்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் புளியங்கொல்லை என்ற ஊர். முப்பத்துநான்கு வீடுகள். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட முடியாமல், அதன் கரையிலேயே ஒரு பெண் பிள்ளை பெற்றதை உறுப்பினர் ஒருவர் சபையில் சொல்லியிருந்தார். சாலை வசதியில்லாத அந்த ஊருக்கு நடைபாலம் கட்டித் தரப்படும் என்று பதில் வந்திருந்தது. அதற்குக் கீழே, போன வருடம் ஜூன் மாதத் தேதியில், 'பணி முடிவுற்றது' என்று அலுவலகத்தின் அறிக்கை. கூடவே ஒரு புகைப்படம். புதுப் பாலம், வெள்ளை அடித்த கைப்பிடிச் சுவர். பாலத்தின் இரண்டு பக்கமும் நல்ல தார்ச்சாலை.

சாலையே இல்லாத ஊருக்குத் தார்ச்சாலை எங்கிருந்து வந்தது? அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாலத்தின் மேல் ஒரு மினி லாரிகூட நின்றது.

சனிக்கிழமை விடுமுறை. விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு, சோற்று டப்பாவும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மலையில் ஷேர் ஜீப் ஓரிடத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒரு மணி நேர நடை. இரண்டு பக்கமும் சாமை விளைந்து நின்ற கொல்லைகள், நடுவே புளியமரங்கள். பாதை இறங்கி ஓடையில் முடிந்தது. பாலம் இல்லை. இந்தக் கரை மரத்திலிருந்து அந்தக் கரை மரத்துக்கு ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது.

முட்டை அட்டைகளைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஒரு பெண் வந்தாள். செந்தாமரை, புளியங்கொல்லை அங்கன்வாடிப் பணியாளர். முட்டை வண்டி தார்ச்சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து சுமந்து வருவது அவள்தான்.

சகிலா தான் யார், எதற்கு வந்தாள் என்று சொன்னாள். பாலம் கட்டியாச்சு என்று எழுதியிருப்பதையும் சொன்னாள்.

"கட்டனாங்க மேடம். பொய் இல்ல," என்றாள் செந்தாமரை. "இதே ஓடைதான். மூணு கிலோமீட்டர் கீழ. சிமெண்டு லாரி இங்க வராது இல்ல, அது எங்க போவுதோ அங்க கட்டிட்டுப் போய்ட்டாங்க. அங்க யாருக்கோசரம் கட்டனாங்கன்னு அந்த ஓடையத்தான் கேக்கணும்."

ஓடையைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்று சகிலா சொன்னதும், செந்தாமரை முட்டைகளை அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். சகிலாவின் செருப்பையும் கைப்பையையும் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் கயிற்றைப் பிடித்தாள். மறு கையால் சகிலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கீழ பாக்காதீங்க. என் முதுகப் பாத்துட்டே வாங்க. நா வுட மாட்டேன்."

தண்ணீர் இழுத்தது. ஒரு கல் புரண்டு சகிலாவின் கால் வழுக்கியது. மணிக்கட்டில் இருந்த பிடி தளரவில்லை. அக்கரையில் ஏறிய பின்புதான், தான் இறைவன் பெயரைச் சொல்லித் திக்ரு ஓதிக்கொண்டே வந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அங்கன்வாடியில் செந்தாமரை ராகிக் கூழ் கொடுத்தாள். சபையில் பேசிய விவரத்தைச் சகிலா சொன்னபோது அவள் கை அப்படியே நின்றது. ஓடைக்கரையில் பிள்ளை பெற்றது அவள்தான். அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. கதவருகில் உட்கார்ந்து மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"என்னப் பத்தியா பேசுனாங்க? பேரு சொன்னாங்களா?"

"பேரு இல்ல. ஒரு பெண்ணுன்னு இருக்கு."

"அதுவும் நல்லதுதான். பேரு வந்திருந்தா எங்க வூட்டுக்காரரு மலை பூரா சொல்லிக்கினே திரிஞ்சிருப்பாரு. கொல்லைல ஒரு வேல ஆயிருக்காது."

பிறகு அவள் அலமாரியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து முன்னால் வைத்தாள். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை முட்டை கொடுத்தாள் என்ற கணக்கு. போன வருட மழை மாதங்களில் சில நாட்கள் சிவப்பு மையில் இருந்தன: 'ஓடையில் வெள்ளம். முட்டை வரவில்லை.' சகிலா எண்ணினாள். பத்தொன்பது நாட்கள். எல்லாமே பாலம் முடிந்துவிட்டதாகச் சொன்ன தேதிக்குப் பிறகு. எல்லா நாளும் கொடுத்ததாக எழுதிவிடச் சொல்லி மேலிருந்து இரண்டு முறை உத்தரவு வந்ததாம். பிள்ளைகள் தின்னாத முட்டையைத் தின்றதாக எழுதக் கை கூசுகிறது என்று மறுத்துவிட்டாளாம்.

சகிலா பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டாள். சென்னையில் அச்சாகி, சபையில் வைக்கப்பட்ட அறிக்கையைவிட, எண்ணெய்க் கறை படிந்த இந்த நோட்டில் உண்மை அதிகம் இருந்தது. இறைவன் தன் சாட்சிகளை எங்கெல்லாம் உட்காரவைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, செயற்பொறியாளர் மோகனின் மேசையில் பதினொரு பதில்களும் இருந்தன. கடைசியில், 'பணி உரிய இடத்தில் நடைபெறவில்லை. முந்தைய அறிக்கை தவறு' என்று எழுதி, பதிவேட்டின் நகலை இணைத்திருந்தாள்.

மோகன் கெட்டவர் அல்ல. ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. அந்தப் பழைய அறிக்கையும் அவருக்கு முன்னால் இருந்தவர் அனுப்பியது. சபைக்கே சொல்லியாகிவிட்டது, இப்போது இல்லை என்றால் சபைக்குத் தப்புத் தகவல் கொடுத்ததாக ஆகும், அந்த வசவு முழுவதும் தன் தலையில்தான் விழும் என்று பொறுமையாகவே விளக்கினார். பழைய பதிலையே டைப் செய்து கொண்டுவரச் சொன்னார்.

"வேற யார்கிட்டயாச்சும் குடுங்க சார்," என்றாள் சகிலா. மேசையை விட்டு நகரவில்லை. "என் கையால அது வராது. வியாழக்கிழம அத பதிவு பண்ணிட்டாங்கன்னா, அந்த ஊருக்குக் கேக்க ஆளே இல்ல சார்."

"சீட்ட மாத்திடுவேன், சகிலாம்மா."

"மாத்துங்க சார். நா போற எடத்துலயும் இதத்தான் சொல்லுவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவேட்டின் நகலைப் புரட்டினார். சிவப்பு வரிகளில் அவர் விரல் நின்று நின்று போனது. ஓடையை எப்படித் தாண்டினாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். புளியங்கொல்லையிலிருந்து கிளம்பும்போது செந்தாமரை ஒன்று சொல்லியனுப்பியிருந்தாள். அதை இங்கே சொல்வதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"உங்க பெரிய சாரு வந்தாலும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், பயப்பட வேணாம்னு சொல்லுங்கன்னா சார்."

மோகன் கையெழுத்துப் போடாமல் கோப்பை மூடி வைத்துவிட்டார். சகிலா தன் இடத்துக்குத் திரும்பி, மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள்.

மறுநாள் காலை அலுவலக ஜீப் இல்லை. மோகனும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு அவர் வந்தார். முழங்காலுக்கு மேல் வரை கால்சட்டை நனைந்து, சேறு காய்ந்திருந்தது. வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தப் பொண்ணு புடியா அது? இன்னும் வலிக்குது," என்றார். பிறகு சகிலாவின் பதிலைத் திறந்து, கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'நேரில் ஆய்வு செய்தேன்.' கையெழுத்திட்டார். பதில் நான்கு மணிக்குப் போனது.

வியாழக்கிழமை ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் பதினொன்றாவது எண் வந்தபோது மோகன் எழுந்து நின்றார். கேட்பதற்கு முன்பே, அறிக்கை தவறு என்று சொன்னார். குழுத் தலைவர் அவரை விடவில்லை. சபை என்றால் உங்களுக்கு விளையாட்டா என்று கேட்டார். இன்னும் கடுமையாகவும் சில சொன்னார். மோகன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசி வரிசையில் கோப்போடு உட்கார்ந்திருந்த சகிலா அவருக்காக இறைவனிடம் துஆ கேட்டாள்.

முடிவில் தலைவர், நிலுவையில் வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணி நிலை அறிக்கை வர வேண்டும் என்றார்.

சகிலா தன் பதிவேட்டைத் திறந்து, 'நிறைவேற்றப்பட்டது' என்பதை அடித்துவிட்டு 'நிலுவை' என்று எழுதினாள். பதினாறு வருட வேலையில் நிலுவையைக் குறைக்கத்தான் அவள் பழகியிருந்தாள். ஒரு நிலுவையை இவ்வளவு ஆசையோடு எழுதியது இதுதான் முதல் தடவை.

வெளியே வந்து செந்தாமரையைக் கூப்பிட்டாள். மூன்றாவது முயற்சியில் சிக்னல் கிடைத்தது.

"நிலுவைன்னா இன்னா, மேடம்? வருமா வராதா?"

"இன்னும் வரலன்னு அவங்களே ஒத்துக்கினாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ கேப்பாங்க. கேக்கலன்னாலும் நா எழுதுவேன். நீ சிவப்பு மையில எழுதறத மட்டும் நிறுத்தாத."

"அத எங்க நிறுத்தறது. இன்னிக்கும் எழுதணும் போல. மேக்கால மழ எறங்கிடுச்சு," என்றாள் செந்தாமரை. "அந்தப் பெரிய சார ரொம்பத் திட்டுனாங்களா?"

"திட்டுனாங்க."

"ஐயோ பாவம். பாலம் வந்தா மொதல்ல அவரத்தான் நடக்கவைக்கணும். சரி, வச்சிடறேன். தண்ணி ஏறதுக்குள்ள முட்டையக் கொண்டாந்துடறேன்."