நெய்யில் வறுத்த ஓரத்துண்டு

நாற்பதைத் தாண்டியும் அக்காவுக்கு அவன் உருண்டைதான். வேலை செய்யும் பேக்கரியில் அவனைக் கேக் மாஸ்டர் என்பார்கள். வெள்ளைத் தொப்பி, மேலங்கி, மரியாதை எல்லாம் உண்டு. அக்கா வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் அவை எதுவும் செல்லாது.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க அவன் தயார். ரத்தம் முதற்கொண்டு எல்லாம் ஒத்துப்போயின. குறுக்கே நின்றது அவன் தொந்தி மட்டும்தான்.

"இந்த எடையோட உங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாதுங்க. இளைச்சிட்டு வாங்க. சீக்கிரம் வாங்க, அவங்க உடம்பு ரொம்ப நாள் தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டார். கேக் சதுரமாக நிற்க வேண்டுமானால் நான்கு பக்கமும் சீவ வேண்டும். சீவல் தட்டில் குவியும். அதை எடுத்து வாயில் போடுவது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி, யோசித்துச் செய்கிற காரியமில்லை. அதனால் ஒரு கிராம்பைப் பல்லிடுக்கில் அடக்கிக்கொண்டே வேலை பார்த்தான். காரம் ஏறிய நாக்கு இனிப்பைத் தேடாதாம்.

"என்ன மாஸ்டர், பல்வலியா?" என்றான் மாவு பிசைகிறவன்.

"வாய்வலி. திறந்தா வலிக்குது."

வயிறு கூப்பாடு போட்டால் தண்ணீர் குடித்தான். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தான். இதெல்லாம் சனிக்கிழமை வரைதான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போதே நெய் வாசனை மூக்கைத் துளைக்கும்.

அவர்கள் அப்பாவும் பேக்கரியில் அடுப்படியில் நின்றவர். விற்காத ரொட்டி ஓரங்களைப் பையில் கொண்டுவருவார். அம்மா வேலைக்குப் போயிருக்கும் பிற்பகல்களில் அக்கா முக்காலி போட்டு ஏறி, அந்த ஓரத்துண்டுகளை நெய்யில் முறுகவிட்டுச் சர்க்கரை தூவுவாள். விரலைச் சுட்டுக்கொண்டு சட்டென்று காதைப் பிடிப்பாள். பாதி கரைந்தும் கரையாமலும் சர்க்கரை பல்லில் நறநறக்கும். அவன் எத்தனையோ வகைக் கேக் செய்துவிட்டான்; அந்த ருசிக்கு ஒன்றும் உறைபோடக் காணாது. அந்த வீடு இப்போது இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. அந்தப் பிற்பகல்களை அறிந்த இன்னோர் ஆள் அக்கா மட்டும்தான். அதை நினைத்தால் அவனுக்கு அழுகை வரும், கூடவே எச்சிலும் ஊறும்.

நோயாளி அதே ஓரத்துண்டை ஆசையாகச் செய்து வைத்திருப்பதை எப்படி வேண்டாம் என்பது? தின்றான். பொட்டலம் கட்டியும் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் அதையும் தின்றான்.

"அப்படியேதான் இருக்கீங்க. அடுத்த தடவையும் இப்படியே வந்தீங்கன்னா வேற ஆள்தான் பாக்கணும். ஆள் கிடைக்கணுமே" என்றார் டாக்டர்.

அந்த ஞாயிறு அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "வேணாம்க்கா."

"ஒரே ஒரு துண்டுடா, உருண்டை."

"டாக்டர் திட்டுறாருக்கா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் செய்யறேன்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. வாராவாரம் வேண்டுமென்றே தின்ன வைத்திருக்கிறாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன பைத்தியமாக்கா?"

"நீ பிள்ளைகுட்டிக்காரன். உன்ன அறுத்துத்தான் நான் பொழைக்கணுமா? வேணாம்னு வாயால சொன்னா நீ கேக்கமாட்டே. தட்ட நீட்டினா கேப்பே. உன் வாயப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பொய்யில்லை. அவ்வளவு கோபத்திலும் அவன் கண் தட்டின் மேலேயே இருந்தது. அதற்காகத் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

"எனக்கு இது வேணும்க்கா" என்றான். "இன்னிக்கு இல்ல. கிழவனாகி பல்லெல்லாம் போனப்புறமும் வேணும். நானே எத்தனையோ தடவ செஞ்சு பாத்துட்டேன், வரவே மாட்டேங்குது. நீ போயிட்டா எனக்கு யாருக்கா செஞ்சு தருவா?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி, உப்புகூடப் போடாமல் அவன் முன்னால் வைத்தாள்.

அவனுக்கு வெள்ளரிக்காய் கட்டோடு பிடிக்காது. ஒரு துண்டு மிச்சமில்லாமல் அவன் தின்று முடிக்கும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.