மூன்றாம் மாடியில் அட்டானமி

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் துப்புரவுப் பிரிவுக்கு ஷோபாதான் சூப்பர்வைசர். ஆறு வருஷத்தில் அவள் எடுத்த பெரிய முடிவு, ஃபினாயிலை எலுமிச்சை வாசனைக்கு மாற்றியது. அதற்கும் மூன்று மெயில் போக வேண்டியிருந்தது. அப்படியிருக்க, திங்கட்கிழமை கூட்டத்தில் புது மேனேஜர் அம்ருதா மேடம், "இனிமேல் உங்க டீமுக்கு ஃபுல் அட்டானமி" என்று கன்னடத்தில் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஷோபாவும் தட்டினாள். என்னவென்றுதான் தெரியவில்லை.

வாசல் காவலாளி வெங்கியைக் கேட்டாள். "ஆட்டோன்னு வருதில்ல? வீட்டாண்ட போக ஆட்டோ குடுப்பாங்கக்கா" என்றான். தன் வீடு இருக்கும் அடுகோடி வரைக்குமா என்று அவளுக்குச் சந்தேகம். மேலே போகும்போது லிஃப்டில் இளவேனிலைப் பிடித்தாள். ஈரோட்டுப் பெண், இதே ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை.

"தன்னாட்சிங்க்கா."

"புரியற மாரி சொல்லும்மா."

"யாரையும் கேக்காம நீங்களே முடிவு பண்ணலாம்."

"மேடத்தக்கூடவா?"

"கேட்டீங்கன்னா அது அட்டானமியே இல்லீங்க்கா."

சாயங்காலம் தன் ஆறு பெண்களிடம் இதைச் சொன்னாள். சுனிதா உடனே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அப்போ நான் இனிமே ஜென்ட்ஸ் டாய்லெட் போவல."

"ஏய், அது எனக்குக் குடுத்தது. ஒனக்கு நான் குடுக்கல."

"டீமுக்குன்னுதானே சொன்னாங்க?"

ஷோபா வேறு வழியில்லாமல் எல்லாரிடமும் கருத்துக் கேட்டாள். சுனிதாவின் கோரிக்கை ஐந்துக்கு ஒன்று என்று தோற்றது. ஆனால் உட்கார்ந்து சாப்பிட ஓரிடம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுபேச்சில்லை. இத்தனை வருஷமும் அவசரப் படிக்கட்டில்தான், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாடு.

மறுநாள் ஒரு மணிக்கு ஷோபா மூன்றாம் மாடி மீட்டிங் ரூமைத் திறந்தாள். இருபது பேர் உட்காரும் மேஜை, சுழல் நாற்காலி, ஏசி. சுனிதா கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள்.

ஒன்றரைக்குக் கதவு திறந்தது. அம்ருதா மேடம், அவருக்குப் பின்னால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நான்கு பேர். அங்கே அட்டானமி பற்றிப் பேச இருந்தார்களாம். ஏசி கருவாட்டு வாசனையை வாரி அவர்கள் முகத்தில் வீசியது.

"யாரு பர்மிஷன் கொட்டித்து?" யார் அனுமதி கொடுத்தது என்று கன்னடத்தில் கேட்டார் மேடம்.

ஷோபா எழுந்து நின்றாள். "நீவே மேடம். திங்கக்கிழமை குடுத்தீங்க."

"அதுக்காக என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டா அது அட்டானமி இல்லியாமே மேடம்."

வந்தவர்களில் நரைத்தலைக்காரர் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அம்ருதா மேடம் அவரைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நான் சொன்னேனே சார், அதுக்கு நேரடி உதாரணம் இதுதான்." நால்வரும் பயபக்தியுடன் குறித்துக்கொண்டார்கள்.

அவர்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு மேடம் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "தினமும் ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் ரூம் உங்களுக்கு. மீன் மட்டும் வேணாம் ஷோபா, ப்ளீஸ்."

ஷோபா மெல்ல உட்கார்ந்தாள்.

"பயந்துட்டியாக்கா?" என்றாள் சுனிதா.

"பின்ன? உயிரே போச்சு. அந்தக் கொழம்ப இப்டித் தள்ளு, இன்னும் இருவது நிமிஷம் இருக்குது."