வாத்தியாரின் நிறம்

ஆராய்ச்சிக்காரி தன் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் மருந்து சொட்டிய காலையில், மூன்று தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த அவள் புருஷன் செங்கல் நிறமானார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, வெயிலில் ரொம்ப அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தப்பு அவளுடையதுதான். தோலுக்கு நிறம் தரும் செல்களைத்தான் அவள் ஆராய்ந்தாள். அந்தச் செல்களின் மேல் ஏற்பிகள் என்று சில உண்டு, வாசலில் இருக்கும் அழைப்புமணி மாதிரி. வெளியிலிருந்து ஏதாவது வந்து அழுத்தினால் உள்ளே சாயம் தயாராகும். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணமான செல்கள் வேண்டியிருந்தன. கேட்டிருந்தவை வந்து சேரவில்லை. அவசரத்துக்குப் புருஷன் சவரத்தில் வெட்டிக்கொண்ட தாடைத் தோலை எடுத்துப் போய் வளர்த்துவிட்டாள். சாதாரணத்துக்கு வீட்டு ஆளை விட்டால் வேறு யார்? செல்கள் தட்டுக்குக் குடிபோன பிறகும் வாத்தியாரோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. அவள் எதை விட்டாலும் அது அவர் மேனியில் தெரிந்தது. திங்கள் கருநீலம், செவ்வாய் சாம்பல் என்று போனது.

மாமியாருக்கு விஷயம் தெரிந்ததும் முதல் வேலையாக, "அப்படியே கொஞ்சம் வெளுக்க வச்சிடேம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். வாத்தியாரின் ஏற்பியை எழுதும் மரபணுவில் ஒரு கோணல் இருக்கிறது, அது அம்மா வழியில் வந்தது என்று மருமகள் சொல்லப்போக, வீடு ரெண்டுபட்டது. "எங்க வம்சத்துல கோணலா? முதல்ல உன் மிஷினை ரிப்பேருக்குக் குடு!"

இதெல்லாம் சிரித்துக் கழித்துவிடலாம். பாப்பாதான் பிரச்சினை. பேச்சு வராத வயது. தினம் ஒரு நிறத்தில் வரும் ஆளை அப்பா என்று எப்படி நம்பும்? கதவுக்குப் பின்னாலிருந்து அவர் பாடினால் சிரிக்கும். முகத்தை நீட்டினால் வீல் என்று கத்தும். வாத்தியார் பாப்பா தூங்கிய பிறகே வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

"எனக்கு என் பழைய நிறத்தைக் குடுத்துடு, வேற ஒண்ணும் வேணாம்" என்றார் அவர்.

பழைய நிறம் என்ன என்று பார்த்தால் ஒருவருக்கும் தெரியவில்லை. மாமியார் எலுமிச்சை என்றார். "யாரு, இவனா? தார் டப்பா" என்றாள் நாத்தனார். கல்யாணப் படத்தில் ஸ்டுடியோக்காரன் அவரைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான். நிறத்திலேயே ஊறிக் கிடந்த ஆராய்ச்சிக்காரியோ, குடும்பம் நடத்துகிற மனுஷனின் நிறம் தனக்கே தெரியவில்லையே என்று உட்கார்ந்து அழுதாள்.

"விடு, எனக்கே தெரியலை. கண்ணாடியில தாடியைத்தான் பார்த்திருக்கேன்" என்று அவர் சமாதானம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தட்டைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாள். நாத்தனார் "போதும்" என்றாள். இடுப்பில் அலறும் பாப்பாவோடு மாமியார், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று மருமகளின் முழங்கையைத் தட்டினார். புட்டி மொத்தமும் தட்டில் கவிழ்ந்தது. காது மடல் முதல் கால் நகம் வரை வாத்தியார் கத்தரிப்பூ நிறமானார்.

பாப்பா அழுகையை நிறுத்தியது. வாயைப் பிளந்து பார்த்தது. அப்புறம் ரெண்டு கையையும் நீட்டி அவர் மேல் பாய்ந்து மூக்கைக் கடித்தது. வாத்தியார் குழந்தையை அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"ஒரு நிமிஷம், மாத்திடறேன்" என்று இன்னொரு புட்டியை எடுத்தாள் ஆராய்ச்சிக்காரி.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!" வாத்தியார் அவளிடம் இப்படிப் பேசியதே இல்லை.

இத்தனை வருஷ வேலை அந்தத் தட்டில் இருந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டு மூடியைப் போட்டு ஒட்டினாள். மறுநாள் அதை உறைபெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை ஒப்பீட்டுக்கு மாமியார் தானாகவே வந்து தாடையைக் காட்டினார்.

பாப்பாவுக்குப் பேச்சு வந்ததும் தெருவில் போகிற மற்ற அப்பாக்களைப் பார்த்து, "பாவம், இவங்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.