பூட்டிய காரும் சுவரில் ஒட்டிய தாளும்

இப்போதெல்லாம் யாரிடமும் ஒரு உதவி கேட்க முடியவில்லை. வாயைத் திறப்பதற்குள் சுவரில் ஒட்டிய தாளைக் காட்டுகிறார்கள். நாற்பது வருஷமாக ரிப்பேராகி நின்ற வண்டிகளை டிரக்கில் கட்டி இழுக்கிறேன். தாளைக் காட்டி எந்த வண்டியும் நகர்ந்ததில்லை.

அன்று மாவட்டச் சிறையில் எலூத்தேரியோவுக்காகக் காத்திருந்தேன். என் பட்டறை மெக்கானிக், ஹோண்டுராஸ்காரன், ஐம்பது வயசு, குடியேற்றக் காகிதம் எதுவும் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டிக்கொண்டான். பத்தரைக்கு விடுதலை. பத்து மணிக்கே குடியேற்றத் துறைக்காரர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவர்களிடம் சிக்கினால் நேரே விமானம்தான். பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் இங்கே அமெரிக்காவில்.

ஜன்னலுக்குப் பின்னால் சிறை அலுவலர் டெல்ஃபின்.

"அவன கொஞ்ச நேரம் உள்ளயே வச்சிருங்க மேடம்" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"நீதிபதி கையெழுத்து இருக்கா?"

"எங்க அதிகாரி கையெழுத்து இருக்கு."

"அது செல்லாது சார். மாவட்டத்து ஆளோ பொருளோ குடியேற்றத் துறை வேலைக்கு உதவக் கூடாது. மாவட்ட விதி." சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினாள்.

"சரி, வாசல்ல வச்சுப் பிடிச்சுக்கறோம்" என்று வெளியே போனவர்கள், போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். சிறைக்குள் துப்பாக்கி, விலங்கு கொண்டுவரக் கூடாதே. வரும்போதே எல்லாவற்றையும் காரில் போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள், அது பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே, எஞ்சின் ஓடுகிறது. விலங்கும் வண்டியும் இல்லாமல் யாரைப் பிடிப்பது?

"கதவு திறக்க ஏதாச்சும் கம்பி இருக்கா மேடம்?"

"இருக்கு. மாவட்டக் கம்பி. உங்க வேலைக்குத் தரக் கூடாது."

என்னிடம் வந்தார்கள். "பெரியவரே, உங்க டிரக்ல..."

"நானும் மாவட்டக் கான்ட்ராக்ட்தான். அந்தத் தாளப் படிங்க" என்றேன். என் வாயாலேயே!

பத்தரைக்கு எலூத்தேரியோ வெளியே வந்தான். ஓடிக்கொண்டிருக்கும் காரையும் பக்கத்தில் முழிக்கும் இரண்டு பேரையும் பார்த்தான். யார் என்னவென்று கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"சாவி உள்ள மாட்டிக்கிச்சா சார்? ரெண்டே நிமிஷம், திறந்துடறேன்!"

"ஏறுடா முட்டாப்பயலே!" காலரைப் பிடித்து இழுத்து டிரக்கில் தள்ளினேன்.

"பாவம் முதலாளி, பெட்ரோல் வீணாப் போகுதே..."

"போகட்டும்டா!"

டெல்ஃபின் வாசலுக்கே வந்து கத்தினாள். "பாத்தீங்களா பெரியவரே? விதிதான் அவரக் காப்பாத்துச்சு!"

"கார் பூட்டு காப்பாத்துச்சும்மா. நாளைக்கு அவங்க சாவிய பாக்கெட்ல வச்சுட்டு வருவாங்க. அப்ப உன் தாளு வந்து நிக்குமா?"

அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் நின்று கேட்கவில்லை, டிரக்கில் ஏறி எஞ்சினைக் கிளப்பினேன்.