உதவிப் பேராசிரியர், ஃபிட்டர் முதலாம் ஆண்டு

பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பன்னிரண்டு வருடம் மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். என் பெயர் தங்கராசு. உதவிப் பேராசிரியருக்கு என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. பாடம் நடத்துவது பாதி வேலை. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிப்பது மீதி. அதற்குக் கல்லூரி வைத்திருந்த மரியாதையான பெயர் மாணவர் சேர்க்கை.

ஆளுக்குப் பத்துப் பிள்ளை கொண்டுவர வேண்டும். ஒரு காலத்தில் மெக்கானிக்கலுக்கு வரிசையில் நின்றார்கள். இப்போது எல்லோருக்கும் கம்ப்யூட்டர்தான் வேண்டும். நான் கடைசியாகப் பிள்ளை பிடிக்கப் போனதற்கு முந்தைய வருடம் எங்கள் துறையில் சேர்ந்தவர்கள் நாலு பேர், சொல்லிக்கொடுக்க நாங்கள் ஆறு பேர்.

தலைக்கு டை அடித்து, ஷூ மாட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வழவழப்பான நோட்டீஸ் கட்டோடு கிளம்புவேன். அரும்பாவூரில் ஒரு வீட்டில் என்னை இன்சூரன்ஸ்காரர் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். வாலிகண்டபுரத்தில் ஒரு அம்மா நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கி, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கட்டிலின் காலுக்கு முட்டுக் கொடுத்தார். அந்த வருடம் எங்கள் கல்லூரியால் ஒருவருக்குக் கிடைத்த நேரடிப் பயன் அதுதான்.

கடைசியாகச் செந்துறைப் பக்கம் போனேன். இலக்கியா என்ற பெண் கணக்கில் தொண்ணூற்றி நாலு வாங்கியிருந்தாள். முந்திரிக் கொல்லையை ஒட்டி வீடு. அவளுடைய அப்பா இளையபெருமாள் மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மெக்கானிக்கல் சாருங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க. ரெண்டு நாளா மோட்டாரு எடுக்க மாட்டேங்குது. மிஸ்திரியக் கூப்ட்டா நாளைக்கி, நாளானைக்கிங்கறான். செத்த பாருங்களேன்."

அங்கேயே 'தெரியாதுங்க' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் பம்பு வரைந்தவன் நான். சட்டைக் கையை மடித்துவிட்டேன். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று முதலில் ஐந்து நிமிடம் விளக்கினேன். இளையபெருமாள் பக்தியோடு கேட்டார். பிறகு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டேன். பட்டென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம். நான் கொட்டகைக்கு வெளியே நின்றேன். எப்படி வெளியே வந்தேன் என்பது நினைவில்லை.

"பீஸ் போயிடுச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நல்லவேள, சாரு போகல."

அதுதான் இலக்கியா. "மெயின ஆஃப் பண்ணாம கை வைக்கலாமா சார்?" என்றாள். திட்டவில்லை, உண்மையிலேயே சந்தேகம் கேட்டாள். மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸுக்குப் புதுக் கம்பி கட்டினாள். ஸ்டார்ட்டருக்குள் எட்டிப் பார்த்து, "பாயிண்ட்ல கரி புடிச்சிருக்குப்பா" என்று உப்புத்தாளால் தேய்த்தாள். மிஸ்திரி செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதாம். பொத்தானை அழுத்தினாள். மோட்டார் எடுத்தது. தொட்டியில் தண்ணீர் வந்து விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

அவளுடைய அம்மா முத்தாயி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, வெட்கமே இல்லாமல் நோட்டீஸை எடுத்து நீட்டினேன்.

"எங்க காலேஜ்ல சேந்தீன்னா பேருக்கு முன்னாடி இன்ஜினியர்னு போட்டுக்கலாம்மா."

"போட்டுக்கிட்டு என்ன சார் பண்றது?"

இந்தக் கேள்விக்குக் கல்லூரி எங்களுக்குப் பயிற்சி தரவில்லை.

"நான் அரியலூர் ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியனுக்கு எழுதிப் போட்டுருக்கேன் சார்" என்றாள்.

"இவ்ளோ மார்க் எடுத்துட்டு ஐ.டி.ஐ.யா? வாழ்க்கையப் பாழாக்கிக்காத. படிக்காத பசங்க போற எடம் அது."

இளையபெருமாள் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அவ பாத்துக்குவா சார். ஒங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு பாருங்க" என்றார்.

அந்த வருடம் பத்துக்கு நான் கொண்டுவந்தது பூஜ்யம். மற்ற ஐந்து பேரும் சேர்ந்து கொண்டுவந்தது ஒன்று. அந்த ஒன்றும் கம்ப்யூட்டருக்கு மாறிப் போய்விட்டது. ஆகஸ்டில் துறையை மூடினார்கள். என் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்று அசல்களை எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பாதியில் யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காக வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். நானோ, பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துப் பெருமையாகக் கொடுத்தவன்.

"ஒங்க டார்கெட்டே முடியலையே தங்கராசு" என்றார் மேலாளர். "ஒரு மூணு அட்மிஷன் குடுத்துட்டு வாங்கிட்டுப் போங்க."

அசல் இல்லாமல் வேறு எந்தக் கல்லூரியும் உள்ளே விடவில்லை. என் மனைவி ஆர்த்தி நர்ஸ். வீடு அவள் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து, இந்த நாட்டின் உயர்கல்விக் கொள்கையைப் பற்றி அவளுக்குத் தினமும் வகுப்பெடுத்தேன். ஒரு நாள் அவள் பேப்பரை என் மடியில் போட்டாள். அரசு ஐ.டி.ஐ.களில் நேரடிச் சேர்க்கை. பத்தாவது தேறியிருந்தால் போதும். ஆண்களுக்கு நாற்பது வயது வரை.

"ஒங்ககிட்ட அசல்னு இருக்கறது பத்தாவது சர்டிபிகேட் ஒண்ணுதான்" என்றாள். அது பாஸ்போர்ட்டுக்காக வாங்கி வந்து, திருப்பிக் கொடுக்க மறந்துபோனது. "அதுக்கு எது கெடைக்குதோ அதுக்குப் போங்க. நாப்பதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெரம்பலூரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் அரியலூருக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "பையன் எங்கங்க? அவரு நேர்ல வரணும்" என்றார்.

"பையன் நாந்தாங்க."

அவர் விண்ணப்பத்தில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார்.

எலக்ட்ரீசியன் பிரிவு எங்கள் ஃபிட்டர் கூடத்துக்கு எதிரே இருந்தது. முதல் வாரத்திலேயே இலக்கியா என்னைப் பார்த்துவிட்டாள். வேகமாக வந்து, "சார், இங்கயும் புடிக்க வந்துட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. சேந்துட்டேன்."

மேலும் கீழும் சீருடையைப் பார்த்தாள். "எந்த ட்ரேடு சார்?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெருந்தன்மை எனக்கு வலித்தது.

எங்கள் பயிற்றுநர் மரிய ஆல்பர்ட் என்னைவிட எட்டு வயது இளையவர். நான் அவரைச் சார் என்பேன், அவரும் என்னைச் சார் என்பார். முதல் வேலையாக ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னார். அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று பன்னிரண்டு வருடம் பாடம் எடுத்த கை இது. அவர் எல் வடிவ மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். "சார், இந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது பாருங்க." தெரியும். இன்னொரு பக்கம் ராவுவேன். அந்தப் பக்கமும் தெரியும். பதினோரு தடவை திருப்பிக் கொடுத்தார். ஐம்பது மில்லிமீட்டர் துண்டு நாற்பத்தி மூன்றுக்கு வந்து நின்றது.

என் பக்கத்து வேலை மேசையில் விண்ணரசி. ஏலாக்குறிச்சிப் பெண், ப்ளஸ் டூ முடித்தவள். இரண்டு பஸ் மாறி வந்து போவாள். அவளுடைய துண்டு மூன்றாவது தடவையிலேயே தேறிவிட்டது.

இனி வருவதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். என் சான்றிதழ்களுக்கு விலை மூன்று பிள்ளைகள். நானோ இப்போது பிள்ளைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக் கொடுத்தேன். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு, என் பழைய கல்லூரியில் சேராமல், ஐ.டி.ஐ.யில் ஏன் கிடக்க வேண்டும் என்று விண்ணரசியிடம் கேட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அங்க ஹாஸ்டல் இருக்கா சார்? பஸ்ஸுலயே பாதி நாளு போயிடுது."

"இருக்கும்மா" என்றேன். அந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் இரண்டு வருடமாகப் பூட்டுதான் தங்கியிருந்தது.

நாலு நாள் கழித்து இலக்கியா என்னைத் தேடி வந்தாள். "விண்ணரசி டி.சி. கேக்கப் போறாளாம். நீங்கதான் சொன்னீங்களாமே?"

நான் காரணத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அது காரணம் மாதிரியே இல்லை. அவள் முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"அசல் சர்டிபிகேட்ட அவங்க வச்சிக்கவே கூடாது சார். ரூல் இருக்கு. எங்க அத்த பையனுக்கு மனு குடுத்துத்தான் வாங்குனோம். நீங்க மூணு பேர வுட்டுட்டு திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் போங்க."

"பன்னெண்டு வருஷம் சோறு போட்ட எடம்மா..."

"அதுக்கு விண்ணரசி என்ன சார் பண்ணுவா?"

அன்று மதியமே விண்ணரசியை அழைத்து, விடுதி பூட்டிக் கிடக்கிறது, எனக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். மன்னித்துவிட்டதாக அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கம்மா காது தோட்டக் கழட்டி வச்சுட்டாங்க சார், பீஸ் கட்டறதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அரத்தைக்கூட வேறு யாரிடமாவதுதான் இரவல் வாங்கினாள்.

திங்கட்கிழமை மனு எழுதிக்கொண்டு போனேன். மூன்று பக்கம், முன்னுரை, முடிவுரையோடு. வாங்கியவர், "ஒரு பக்கத்துல எழுதிட்டு வாங்க சார். என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். படிக்கட்டில் உட்கார்ந்து நாலு வரியில் எழுதினேன். மூன்று வாரத்தில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. மேலாளர் காப்பி வாங்கிக் கொடுத்துச் சான்றிதழ்களைத் தந்தார். எம்.இ. சான்றிதழில் மட்டும் டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது.

"அப்ப இனிமே ஐ.டி.ஐ.க்குப் போக மாட்டீங்களா?" என்று ஆர்த்தி கேட்டாள்.

"அந்த இரும்புத் துண்ட முடிக்கணும்" என்றேன். இரண்டு வருடம் ஆயிற்று.

இறுதித் தேர்வில் ஃபிட்டர் பிரிவில் விண்ணரசி முதலிடம். நான் நடுவில் எங்கேயோ. இலக்கியா தொழிற்பழகுநர் பயிற்சிக்குத் திருச்சியில் ரயில்வே பணிமனைக்குப் போனாள். அங்கே பெண்கள் விடுதியில் இடம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்து, "இது பூட்டு இல்லாத ஹாஸ்டல் சார்" என்றாள். விண்ணரசியையும் என்னையும் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அப்ரண்டிஸாக எடுத்தார்கள். ஐ.டி.ஐ. தகுதியில் மட்டும் போனேன். பட்டம் வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டதால், பட்டதாரிப் பயிற்சிக்கு நான் கிழவனாம்.

எங்களுக்கு மேலே இருக்கும் ஃபிட்டர் அடைக்கலசாமி. போன வாரம் ஒரு பம்பைப் பிரித்து, தேய்ந்துபோன பேரிங்கைக் கையில் எடுத்தார். அது ஏன் தேய்ந்தது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். சுமை, உராய்வு, எண்ணெய்ப் படலம் எல்லாம் வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். விண்ணரசி அதற்குள் புதுப் பேரிங்கை எண்ணெயில் சூடாக்கி எடுத்து வந்து தண்டில் ஏற்றிவிட்டாள்.

"நல்லாச் சொன்னீங்க சார்" என்றார் அடைக்கலசாமி. "அந்தப் பத்தொன்பது ஸ்பேனர எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். பதினேழு.

"பரவால்ல" என்றாள் விண்ணரசி, சரியானதை எடுத்து நீட்டியபடி. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.