பொறிவண்டுக்கு ஒரு வரிசைப் பூ

"ஆச்சி, இனிமே இந்தப் பூவைச் சாமிக்குப் பறிக்காதீங்க."

கேட்டே விட்டாள் கமலவேணி. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுடைய அப்பா மாணிக்கவாசகம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அடைக்கப்பச் செட்டியாரின் டிரைவர் அவர். காஜா பேராங் தெருவில் இருந்த அந்தப் பங்களாவில் செட்டியாரைக்கூட எதிர்த்துப் பேசலாம். அவர் மனைவி அலமேலு ஆச்சியின் பூக்குடலையில் கை வைத்துவிட்டுத் தப்பியவர் கிடையாது.

ஆச்சி குடலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமிக்கு இல்லாத பூ யாருக்காம்? உன் கொண்டைக்கா?"

"பொறிவண்டுக்கு."

அவள் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூரில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். தன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மெர்டேக்கா சுதந்திர விழாவை ஒட்டி ஊருக்குப் புதிதாக வரும் பூங்காவுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டியிருந்தது. ஆளைப் பொறுக்கும் குழுவுக்குச் செட்டியார்தான் தலைவர். "என் செம்பருத்தி வேலியில அசுவுணிப் பூச்சி அப்பிக் கெடக்கு. மருந்தில்லாம ஓட்டிக் காட்டு. நம்ம வீட்டு மெர்டேக்கா விருந்தன்னைக்குக் குழு வந்து பாக்கட்டும். வேலை உனக்கு" என்றிருந்தார்.

வேலியடி முழுக்கச் செண்டுப்பூவும் கொத்தமல்லியும் போட்டாள். அவை பூத்தால் பொறிவண்டு வரும்; வந்தது செம்பருத்தியில் முட்டையிடும்; குஞ்சுகள் அசுவுணியை அவல்போல அள்ளித் தின்னும். எல்லாம் பூக்கத்தான் பூத்தன. ஆனால் விடிந்தால் செண்டுப்பூ பிள்ளையார் கழுத்தில், கொத்தமல்லி ரசத்தில். பந்தி முடிந்த கல்யாணத்துக்கு வந்தவன்போல வண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"பூச்சிக்கு விருந்தாம், பிள்ளையாருக்குப் பட்டினியாம்! காலேசுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"பிள்ளையாருக்கு அருகம்புல்லே போதும் ஆச்சி. வண்டுக்குப் புல்லு ஆகாது."

"வாயப் பாரு! எங்கே, காட்டு அந்த மகாராசனை."

கமலவேணி ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பும் ஆரஞ்சுமாக, முள்ளு முள்ளாக ஒரு குஞ்சு, அசுவுணிக் கூட்டத்துக்குள் தலையை விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. ஆச்சி வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"மூஞ்சி சகிக்கலை. ஆனா தலைதீவாளி மாப்பிள்ளை மாதிரியில்ல திங்குது! சரி போ. விருந்து முடியிற மட்டும் பிள்ளையாருக்குப் பாசார்ல வாங்குற பூ."

அதன்பின் வேலி தெளியத் தொடங்கியது. மேல்கிளைகளில் இலை பளபளத்தது, மொட்டு விரிந்தது. அடிக்கிளைகள்தான் பாக்கி. விருந்துக்கு முதல் நாள் செட்டியார் அவளைக் கார்க்கொட்டகைக்கு அழைத்தார். பக்கத்தில் அவர் தங்கை மகன் மருதப்பன், டிடிடி பூச்சிமருந்து நிரப்பிய பம்புடன் நின்றான். அப்பா காரின் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடியில இன்னும் கறுப்பா இருக்கே, ஆத்தா."

"வண்டு இறங்கி வந்துட்டிருக்கு, ஐயா. இன்னும் ஒரு வாரம் போகட்டும்."

"விருந்து நாளைக்கு. இப்ப மருதப்பன் ஒரு தடவை அடிச்சுடட்டும். வர்றவகிட்டே பூவால போச்சுன்னே சொல்லிக்குவோம். வேலை உனக்குத்தான். யாருக்கு நட்டம்?"

"டிகிரிக்காரங்களுக்கு மருந்து வாசம் ஆகாது லா, மாமா" என்றான் மருதப்பன்.

அப்பாவின் துணி நின்றது. சரி என்று சொல்லிவிடு என்று அவர் கண்கள் கெஞ்சின.

"மருந்தடிச்ச வேலியைக் காட்டி வாங்குற வேலையை மருதப்பனுக்கே குடுங்க, ஐயா. அடிக்கிறவரு அவருதானே" என்றாள் கமலவேணி.

"ஏய், பாப்பா!" என்று அப்பா பதறினார்.

"பொய் சொல்லி ஒரு பூங்காவா? அங்கே ஒவ்வொரு செடியும் என்னைப் பாத்துச் சிரிக்கும்பா."

கமலவேணி வெளியே போகத் திரும்பினாள். வாசலில் நின்ற ஆச்சி குரல் கொடுத்தார். "போறதுதான் போறே, அந்த மாப்பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போடி. இங்கே விட்டா கொன்னுபுடுவாக."

கமலவேணி முந்தானையை விரித்துக் காட்டினாள். உள்ளே குஞ்சும் வண்டுமாகக் கிளைகள். பம்பைத் தூரத்தில் பார்த்தபோதே அவற்றை ஒடித்து எடுத்துக்கொண்டுதான் கொட்டகைக்கு வந்திருந்தாள்.

ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செட்டியார் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கிவிட்டாள். எதிர்வீட்டு நல்லையாவின் ரோஜாச் செடிகளில் அசுவுணிக்குப் பஞ்சமில்லை. ஒரு வண்டு அவள் முழங்கைவரை ஏறிவிட்டது. தட்டிவிடாமல் நடந்தாள்.