சாண் என்ன, முழம் என்ன

வெள்ளம் வடிந்து தொண்ணூற்றொரு நாள் ஆகியிருந்தது. புவியியல் டீச்சர் வகுப்பைத் தெருவுக்கே அழைத்து வந்திருந்தாள். எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பிள்ளைகளே அளந்து வரைபடம் போட வேண்டும். மற்ற வீடுகளின் சுவர்களில் சேற்றுக்கோடு இருந்தது. தெருக்கோடியில், அதே வகுப்பில் படிக்கும் குருவியின் வீட்டில் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி இரவு வேலையிலிருந்து நேரே தன் அக்கா வீட்டுக்குப் போன அம்மா திரும்பி வருவதற்குள் அப்பா வெள்ளையடித்து முடித்திருந்தார்.

அங்கே தண்ணீர் தலைக்கு மேல் என்று தெருவே நம்பியது. சொன்னவர் அப்பாதான். குருவியை ஏற்றிக்கொண்டு வண்டியை மேட்டில் நிறுத்தப் போனாராம்; அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். உள்ளே தூங்கிய இரண்டு வயதுத் தம்பியை எடுக்க மூன்று தடவை இறங்கியும் கால் எட்டவில்லையாம். துக்கம் கேட்க வந்தவர்களிடம், மனுஷன் என்ன செய்வார் என்று அம்மாவே அவருக்காகப் பேசினாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் டீச்சர், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயைப் பிரித்தாள். ஒரு முனையைப் பக்கத்துக் கடையின் சுவரில் இருந்த சேற்றுக்கோட்டில் பிடித்தால், மறுமுனையில் தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கும்.

"தலைக்கு மேல போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன டீச்சர்? விடுங்களேன்," என்றார் அப்பா.

பரீட்சைக்கு வரும் என்றாள் டீச்சர்.

குருவி ஸ்டூல்மேல் ஏறிக் குழாயை உயர்த்திப் பிடித்தாள். தண்ணீர் கதவு நிலைக்கு மேல் நின்றது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். டீச்சர்தான் குழாய் முனையில் அவள் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"வாய அடைச்சுப் பிடிச்சா எப்படிம்மா இறங்கும்? வெரல எடு."

குருவி எடுக்கவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே விரலைப் பிரித்துவிட்டாள். தண்ணீர் காலண்டரைத் தாண்டி, சுவிட்சுப் பெட்டியைத் தாண்டி இறங்கி, ஆடி, நின்றது. டீச்சர் பென்சிலால் கோடு போட்டாள்.

"எனக்கு இடுப்புகூட நனையாது," என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

காற்றுக்குமிழி இருக்கும் என்று டீச்சர் குழாயைத் தட்டி மறுபடி பார்த்தாள். அதே இடம்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா கோட்டை ஒட்டி நின்றாள். அது அவள் தொடையில் வந்தது. அங்கே கையை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

குழாய் பழசு, பிள்ளைகள் பிடித்தது சரியில்லை என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"நீ கூடத்தான இருந்த. சொல்லும்மா அம்மாகிட்ட."

குருவி குழாயை விடவில்லை. முனையிலிருந்து தண்ணீர் அவள் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா மேட்ட விட்டு எறங்கவே இல்லம்மா."